குறை சொல்லும் சனிக்கிழமை

சாப்பாடு நல்லாயிருக்கு என்று சொன்ன குற்றத்துக்காக ஒரு வீட்டில் என்னை இரண்டு வருடம் விருந்தாளியாகவே வைத்திருந்தார்கள். இலேசான தண்டனை என்று நினைக்க வேண்டாம். எல்லோருக்கும் சாதாரணச் சாப்பாட்டுக் கோப்பை, எனக்கு மட்டும் பொன்விளிம்பு வைத்தது. எல்லோரும் குழாய்த் தண்ணீர் குடிக்க எனக்குத் தோடம்பழச்சாறு. எழுந்துபோய் ஒரு கரண்டி எடுக்க முடியாது. "நீர் இரும், நீர் இரும்" என்று நாலு பக்கத்திலிருந்தும் அமர்த்துவார்கள். ஒரு மனிதனை மரியாதை கொடுத்தே வாசலுக்கு வெளியே நிறுத்தி வைக்கலாம் என்பதை அந்த ஜன்னலோரக் கதிரையில் இருந்துதான் தெரிந்துகொண்டேன்.

தீர்ப்புச் சொன்னவர் என் மனைவியின் மூத்த அக்கா. எனக்கு மச்சாள். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதில் ஒரு பிழை பிடிக்காமல் விடமாட்டார், எங்கே இருந்தாலும்.

குள்ளமான, ஓயாத ஆள். வீட்டில் நீட்டுச் சட்டை, அதற்கு மேல் கணவரின் பழைய சுவெட்டர், கை இரண்டும் முழங்கைக்கு மேலே சுருட்டியபடி. தடித்த மூக்குக்கண்ணாடி. இறைச்சி வாட்டும் அவணைத் திறக்கும்போது ஆவி படிந்துவிடும் என்று கண்ணாடியைக் கழற்றி வாயில் கவ்விக்கொள்வார். அந்த வீட்டில் மச்சாள் பேசாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான். அவருக்கு ஏதாவது எதிராகச் சொல்ல வேண்டும் என்றால் கணவர் அந்த நேரம் பார்த்துத்தான் சொல்வார். அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அதிகம் கதைக்காத மனிதர். கதைக்க வேண்டிய தேவையும் அந்த வீட்டில் அவருக்கு இருக்கவில்லை.

ஜெர்மனியின் மேற்கு மூலையில், ஓர் அமெரிக்கப் படைமுகாமை ஒட்டிய சின்னப் பட்டணத்தில் அவர்கள் இருந்தார்கள். முகாமின் சமையலறையில் மச்சாளுக்கு வேலை. கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் ஒரு வியாழக்கிழமை, அமெரிக்கர்கள் முழு வான்கோழி வாட்டி, மேசையைச் சுற்றி இருந்து, இந்த வருடம் எது எதற்கு நன்றி என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிச் சாப்பிடுவார்கள். அப்படியொரு நாளில் அங்கிருந்த தலைமைச் சமையல்காரி மிஞ்சிய வான்கோழி ஒன்றை மச்சாளின் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டார். மச்சாள் அதை மகளின் தள்ளுவண்டியில் கிடத்தி, போர்வையால் கழுத்துவரை மூடி, மகளை நடத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழியில் ஒரு ஜெர்மன் கிழவி, குழந்தையாக்கும் என்று ஆசையோடு குனிந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்து போனாராம்.

பறவையோடு நன்றி சொல்லும் வழக்கமும் அந்த வண்டியில் வந்திருக்க வேண்டும். மச்சாள் அதை முகாம் வாசலிலேயே இறக்கிவிட்டார்.

"சொந்தப் புருசனுக்கு மேசையில வைச்சு நன்றி சொல்லுறாளவை. பாத்துக்கொண்டு நிண்ட எனக்கு வெக்கமாப் போச்சு."

அதற்குப் பதிலாக அவர் கொண்டுவந்தது இது. அந்த வாரச் சனிக்கிழமை விருந்து. வியாழன் எல்லோருக்கும் வேலை, வெள்ளி வீட்டில் இறைச்சி மீன் கிடையாது, ஆகவே சனி. சாப்பிட்டு முடிந்ததும், பாயாசத்துக்கு முன்னால், மச்சாள் ஏப்ரனைக் கழற்றிக் கதிரை முதுகில் போட்டுவிட்டு உட்காருவார்.

"சரி, இப்ப சொல்லுங்கோ."

ஆளுக்கு ஒரு குறை. சமையலில். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக்கூடாது. போன வருடம் சொன்னதைச் சொல்லக்கூடாது. பகிடி விட்டுச் சிரிக்கவைக்கக்கூடாது. கடைசி விதியைக் கேட்டதுமே எனக்கு வியர்த்தது. எனக்குப் பயம் வந்தால் வாயில் பகிடிதான் வரும். வேறு எதுவும் வராது. கலியாணத்தில் தாலி கட்டும்போதுகூட ஐயரிடம் ஒன்று விட்டு, இரண்டு மந்திரம் அவருக்கு மறந்துபோனது.

முதல் வருடம் நான் புது மாப்பிள்ளை. மச்சாளின் மகள் அப்போது பால்பல் விழுந்த வயது. எனக்குப் பெறாமகள். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "கரட் கூடிப்போச்சு." அண்ணை, "புட்டில ஒரு கட்டி," என்றார். என் மனைவி, "கிழங்கு அடிப்பிடிச்ச மணம், அக்கா." மச்சாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

"எல்லாம் நல்லாயிருக்கு மச்சாள். மிச்சம் நன்றி."

ஒரு முள்ளுக்கரண்டி கீழே விழுந்தது. மச்சாள் என்னைப் பார்க்காமல் மகளிடம் சொன்னார்.

"அவர் விருந்தாள். அவருக்குப் பாயாசத்தை அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தில குடு."

புறப்படும்போதுதான் தீர்ப்பின் முழுக் கனமும் தெரிந்தது. மிஞ்சிய சாப்பாட்டை எல்லோருக்கும் கட்டிக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். விருந்தாளிகளுக்கு, நாலு பக்கமும் பூட்டு வைத்த புதுப் பெட்டி. வீட்டு ஆட்களுக்கு, கழுவிக் கழுவி எழுத்து அழிந்துபோன பழைய மாஜரீன் பெட்டி. என் மனைவி கையில் மாஜரீன் பெட்டி. என் கையில் புதுப் பெட்டி. ஒரே காரில், ஒரே வீட்டுக்குப் போனோம். பாதி வழியில் மனைவி சொன்னாள்: "பெட்டியைக் கவனமா வைச்சிருங்கோ. உங்களுக்கெண்டு தந்தது."

அந்தச் சாப்பாட்டில் குறை கண்டுபிடிப்பது சின்ன வேலை இல்லை. மச்சாள் அமெரிக்கர்களின் மேசையை அப்படியே தூக்கிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் திருத்தியிருந்தார். வான்கோழிக்கு யாழ்ப்பாணத் தூளும் தேசிக்காய்ப் புளியும் பூசி ஒரு நாள் ஊறவிடுவார். அவர்கள் வயிற்றுக்குள் பாண் துண்டு அடைவார்கள். மச்சாள், ஈரலும் வெங்காயமும் வதக்கிச் சேர்த்த புட்டை அடைவார். வாட்ட வாட்டக் கோழியின் நெய் முழுவதும் புட்டுக்குள் இறங்கும். புட்டில் மிச்சத்தை வெளியே தனியாகவும் அவித்து வைப்பார். சிவப்பு முட்டைக்கோசில், எங்களுக்குக் கோவா, தேங்காய்ப்பூப் போட்டு வறை. அமெரிக்கர்கள் இறைச்சிக்குப் பக்கத்தில் ஒரு புளிப்புப் பழ ஜாம் வைப்பார்களாம். அதற்குப் பதிலாக, ஜெர்மன்காரர் மான் இறைச்சியோடு தின்கிற சின்னச் சிவப்புப் பழத்தைப் போத்தலில் வாங்கி, செத்தல் மிளகாயும் வெங்காயமும் இடித்துப் போட்டு ஒரு சம்பல். மச்சாளுக்கு அதில்தான் பெருமை. "இதை நான் ஆரையும் பாத்துச் செய்யேல்லை. இது என்ர," என்பார். சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார்.

இரண்டாவது வருடம் நான் ஆயத்தத்தோடு போனேன். நான் நகர பஸ் ஓட்டுகிறவன். குறை சொல்லுவதில் இந்த நாட்டவர்களைப் போலத் தேர்ந்தவர்கள் உலகத்தில் இல்லை என்பது என் கருத்து. என் பஸ் கொஞ்சம் பிந்தினால் போதும், முதல் தரிப்பில் ஏறும் கிழவர் வணக்கம் சொல்வதற்கு முன் மணிக்கூட்டைக் காட்டுவார். அவர்களைக் கவனித்துப் படித்தேன். குரலை உயர்த்தக்கூடாது, நேராகப் பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்தேன்: "மச்சாள், புட்டு கொஞ்சம் இறுகிப்போச்சு." இப்படிச் சொல்லிச் சொல்லி ஒரு நாள் தரிப்பு ஒன்றைத் தாண்டிப் போய்விட்டேன். இறங்க வேண்டிய அம்மா முன்னுக்கு வந்து எனக்குக் குறை சொன்னார். எவ்வளவு வடிவாகச் சொன்னார்! அப்படியே மனப்பாடம் செய்யலாம்.

சனிக்கிழமை வந்தது. பெறாமகள் சொன்னாள், அண்ணை சொன்னார். எனக்கு முன்னால் என் மனைவி.

"அக்கா, புட்டு கொஞ்சம் இறுகிப்போச்சு."

குளியலறையிலும் நான் பயிற்சி எடுத்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது. என்னைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள். என் மண்டைக்குள் ஒரு பஸ் நிலையமே காலியானது.

"மச்சாள்... கோழி... கோழி கொஞ்சம் பெரிசு."

"கோழி பெரிசெண்டால் அது என்ர குறையே காணும்? படைச்சவனிட்டைப் போய்ச் சொல்லும்."

மேசை குலுங்கிச் சிரித்தது. எனக்கு மறுபடி கண்ணாடிக் கிண்ணம். மறுபடி பூட்டு வைத்த பெட்டி. எங்கள் வீட்டில் புதுப் பெட்டிகள் சேரத் தொடங்கின.

மூன்றாம் வருடம் ஆயத்தம் ஒன்றும் செய்யவில்லை. செய்து கண்ட பலன் போதும். என் முறை வந்தபோது வாய் வெறுமையாக இருந்தது. பகிடிகூட வரவில்லை. வெறும் வாயில் கிடந்தது உண்மை ஒன்றுதான். அது தானாக விழுந்தது.

"மச்சாள், எனக்கு இந்தச் சிவப்புச் சம்பல் பிடிக்கேல்லை. ஜாமுக்குள்ள மிளகாய் விழுந்த மாதிரி இருக்கு."

பெறாமகள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். மச்சாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்பப் போட்டு என்னைப் பார்த்தார்.

"இண்டைக்கோ, இல்லை முதல் வருசத்திலையிருந்தே பிடிக்கேல்லையோ?"

"முதல் வருசத்திலையிருந்தே."

"அப்ப மூண்டு வருசமாப் பிடிக்காததைத் திண்டனீரோ?"

"ஓம் மச்சாள்."

"விசரன்," என்றார். பைத்தியக்காரன் என்றாலும், அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் உறவுச் சொல் அது. உடனே எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்சம் கோபமாகப் பார்த்ததுபோல இருந்தது. தன் மனைவியின் மனம் நொந்திருக்கும் என்று நினைக்கிறார் ஆக்கும் என்று எண்ணி, நானும் பார்வையைக் கோப்பைக்குள் இறக்கிக்கொண்டேன்.

புறப்படும்போது மச்சாள் என் கையில் ஒரு மாஜரீன் பெட்டியை வைத்தார். மூடியில் வெடிப்பு. ஒரு பக்கம் உருகி நெளிந்திருந்தது. வாழ்நாளில் நான் வாங்கிய எந்தப் பரிசும் அப்படிக் கனக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தேன். விளிம்புவரை சிவப்புச் சம்பல்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தப் பெட்டி நிறையச் சம்பல் வந்தது. "அது குறையில்லை, உம்மட நாக்குப் பழுது," என்பார். சம்பலில் ஒரு சிட்டிகை மாற்றவில்லை. ஆனால் தண்ணீர் நானே குழாயில் பிடித்துக் குடிக்கலாம்.

வீட்டுக்குள்தான் இந்தக் கூத்து எல்லாம். வெளியே மச்சாள் வேறு ஆள். வெதுப்பகத்தில் நேற்றைய பாணைக் கொடுத்தாலும் ஜெர்மன் மொழியில் நன்றி, "டாங்கே." பல் வைத்தியர் பிழையான பல்லில் தட்டிப் பார்த்து, நோகுதா என்று கேட்டாலும், "டாங்கே." ஒருநாள் சலவை இயந்திரம் திருத்த வந்தவன் நிலமெல்லாம் வெள்ளமாக்கிவிட்டுப் போனான். மச்சாள் ஈரக்காலோடு வாசல்வரை போய் அவனுக்கு டாங்கே சொல்லி அனுப்பினார். எனக்கு அது விளங்கவே இல்லை.

விளங்கியது இறைச்சிக்கடைக்குப் போகும் வழியில். முகாம் சமையலறை மூடப்பட்டு மச்சாளுக்கு வேறு வேலை கிடைத்த பிறகு, வான்கோழிக்கு முன்கூட்டியே கடையில் சொல்லிவைக்க வேண்டும். தூக்கிவர நான்தான். காரில் இருந்தபடி கேட்டேன்.

"மச்சாள், எங்களிட்டை மட்டும் ஏன் குறை கேக்கிறியள்? அந்தச் சலவை மெசின்காரனிட்டை ஒண்டு சொல்லியிருக்கலாமே?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாங்கள் கிழக்கு ஜெர்மனியில ஷோனெஃபெல்ட் ஏர்போட்டில வந்து இறங்கி, மேற்குப் பக்கம் வந்து, பிறகு இஞ்சை கொண்டுவந்து அகதிகள் ஹைமில விட்டவங்கள். ஒரு அறையில ரண்டு குடும்பம். சாப்பாடு பெட்டியில வரும். அவங்கள் தாறதுதான். பச்சைத் தண்ணி மாதிரி ஒரு சூப், புளிச்ச பாண், கறுப்பாய் ஒரு இறைச்சி, அது என்ன மிருகமெண்டும் தெரியாது. என்ன தந்தாலும் டாங்கே சொல்லோணும். சொல்லாட்டி நன்றி கெட்டதுகள் எண்டுவாங்கள். அவங்களிலையும் பிழையில்லை. நாங்கள் கேட்டு வந்தனாங்கள், அவங்கள் தந்தவங்கள். ஆனால் டாங்கே சொல்லிச் சொல்லி அந்தச் சாப்பாடு ஒண்டும் என்ர உடம்பில ஒட்டேல்லை காணும்."

சிவப்பு விளக்கில் நின்றோம்.

"குறை சொல்ல ஏலாத வீட்டில இருக்கிறவன் அங்க குடியிருக்கேல்லை. வந்துபோறான், அவ்வளவுதான்."

நான் ஏதாவது பகிடி சொல்ல வாயைத் திறந்தேன். பச்சை விளக்கு வந்து என்னைக் காப்பாற்றியது.

நாங்கள் புது வீட்டுக்குப் போனபோது வந்தவர்கள் எல்லோரும் வெளிச்சம், காற்று, தளபாடம் என்று புகழ்ந்தார்கள். மச்சாள் சுற்றிப் பார்த்துவிட்டு, "கக்கூசுக் கதவு உள்பக்கமாத் திறக்குது. உள்ளுக்கு விழுந்தால் ஒருத்தராலும் திறக்க ஏலாது," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். ஒரு கிழமையில் கால்விரிப்புக் கதவுக்கடியில் சிக்கி நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். அலறிய அலறலில் மேல்வீட்டு ஜெர்மன்காரர் இறங்கி வந்துவிட்டார். மனைவி போனில் அக்காவிடம் சொல்ல, அக்கா சொன்ன பதில் கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது: "ஆள் விழுந்தவரோ? இல்லைத்தானே? அப்ப பதறாமல் விரிப்பை இழுக்கச் சொல்லு." இழுத்தேன். திறந்தது. மேல்வீட்டுக்காரருக்கு டாங்கே சொன்னேன்.

பிறகு அந்த வருடம் வந்தது. மச்சாளின் கழுத்தில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தார்கள், பிறகு புற்றுக்குக் கதிர் பிடித்தார்கள். கோடை முடிய, எல்லாம் சரி என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சுவெட்டருக்குள் பாதியாய்ப் போயிருந்தார் மச்சாள். இந்த முறை நாங்கள் சமைக்கிறோம் என்று சொன்ன தங்கையைச் சமையலறைக்குள்ளேயே விடவில்லை. வழக்கம்போல எல்லாம் வந்தது. வழக்கம்போல மணத்தது.

முதல் வாய் வான்கோழி. நாக்கு சுருண்டது. கடல்நீரை அள்ளி வைத்ததுபோல உப்பு. அவசரமாகப் புட்டை அள்ளி வாயில் போட்டேன். அதில் உப்பே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ச் சாடி இரண்டு முறை வெறுமையானது.

மச்சாள் ஏப்ரனைக் கழற்றினார். உட்கார்ந்தார்.

"சரி, இப்ப சொல்லுங்கோ."

பெறாமகள் அப்போது வேலைக்குப் போகிற பெண். "சுப்பர் அம்மா," என்றாள். கண் மேசையில்.

"இந்த முறை குறை ஒண்டும் இல்லை அக்கா," என்றாள் என் மனைவி.

அண்ணை வெகுநேரம் தொண்டையைச் செருமினார். "நல்லாயிருக்கு," என்றார். அத்தனை வருடத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மச்சாள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தார். எழுந்தார். மேல் அலுமாரியைத் திறந்து, நாலு பக்கமும் பூட்டு வைத்த புதுப் பெட்டிகளை எடுத்தார். ஒன்று மகளுக்கு முன்னால். ஒன்று தங்கைக்கு முன்னால். ஒன்று கணவருக்கு முன்னால். நாலாவதைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

என் பயத்தைப் பற்றி இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். மூன்று பகிடிகள் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. மூன்றும் நல்ல பகிடிகள். ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், பாயாசம் வந்திருக்கும், அந்தப் பெட்டியும் வந்திருக்கும். நோயிலிருந்து எழும்பிய மனுசியிடம் சமையல் பாழ் என்று எப்படிச் சொல்வது? மேசைக்குக் கீழே என் மனைவி காலை மிதித்தாள், சொல்லாதே என்று.

"மச்சாள், எனக்கு அந்தப் பெட்டி வேண்டாம்," என்றேன். "வான்கோழியில ரண்டு தரம் உப்புப் போட்டிட்டியள். புட்டுக்குப் போடவே இல்லை."

"ரண்டு சொல்லக்கூடாது," என்றார் மச்சாள். "ஆளுக்கு ஒண்டு."

பெட்டியை மேசையில் வைத்தார். என் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"எனக்கு நாக்குச் செத்துப்போச்சு. கதிர் பிடிச்சதிலையிருந்து ஒரு ருசியும் தெரியேல்லை. எல்லாம் கடதாசி மாதிரிக் கிடக்கு. கை ஞாபகத்தில சமைச்சனான். பிழைச்சால் சொல்லுவினம்தானே எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒராளும் சொல்லேல்லை." மகளைப் பார்த்தார். "உங்களை விட்டால் எனக்கு ஆர் சொல்லுறது?"

பெறாமகள் அழுதுகொண்டே, "அம்மா, கோவா வறையிலையும் உப்பில்லை," என்றாள். "கிழங்கு வேகேல்லை அக்கா," என்றாள் என் மனைவி மூக்கை உறிஞ்சியபடி. அண்ணை, "நான் முந்திச் சொன்னது கணக்கில்லை," என்றார். "கோழிக்குப் புளியும் காணாது."

மச்சாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு சுவெட்டர்க் கையை மேலே சுருட்டினார்.

"கோழியைப் பிச்சுப் புட்டுக்குள்ள போடுங்கோ. தாச்சியை அடுப்பில வையுங்கோ. உப்புக் கூடினதும் இல்லாததும் ஒண்டையொண்டு பாத்துக்கொள்ளும்."

இரண்டு தப்பும் ஒரு தாச்சியில் விழுந்தன. வெங்காயமும் பச்சைமிளகாயும் வதங்கின. அகப்பையைப் பிடித்துக்கொண்டு மச்சாள் ஒரு கரண்டி அள்ளி என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"இப்ப எப்பிடி? நல்லாயிருக்கெண்டு சொன்னால் அடிப்பன்."

"இன்னும் கொஞ்சம் தேசிக்காய்."

பிழிந்தார். அந்தச் சனிக்கிழமை சாப்பிட்ட புட்டுக்கொத்துப்போல ஒன்றை அதற்குமுன் நான் சாப்பிட்டதில்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. பெட்டிகள் மேல் அலுமாரிக்குத் திரும்பிப் போயின.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் நான்தான் அவரின் நாக்கு. காலையிலேயே கூப்பிட்டுவிடுவார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், எனக்கு. உப்பு, புளி, உறைப்பு, மூன்றுக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் தயங்கினால், "என்ர நாக்கு இண்டைக்கு வேலைக்கு வரேல்லைப் போல," என்று தங்கையிடம் சொல்வார். சிவப்புச் சம்பலுக்கு மட்டும் என்னைக் கேட்கமாட்டார். "அதுக்கு உம்மை நம்ப ஏலாது." ருசி தெரியாத நாக்கில் சுண்டுவிரலால் அதைத் தொட்டு வைத்து, முன்போலவே கண்ணை மூடுவார். என்ன தெரிந்ததோ, தெரியாது. நான் கேட்கவில்லை.

போன மாசியில் மச்சாள் போய்விட்டார். இந்த முறை, கட்டி கழுத்தோடு நிற்கவில்லை.

கார்த்திகை வந்தபோது, இந்த வருடம் எங்கள் வீட்டில் நான் சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது துணிவாகத்தான் இருந்தேன். வான்கோழியை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியல் தொட்டியில் இறக்கியபோது துணிவு கழிவுக்குழாய் வழியே போய்விட்டது. ஆனால் உண்மையான பயம் கோழியைப் பற்றியது அல்ல. நாலு பேர் மேசையில் இருப்போம். அண்ணை, பெறாமகள், மனைவி, நான். சாப்பிட்டு முடிய நான் கேட்பேன். என் மேல் இரக்கப்பட்டு, அவரை நினைத்து, மூன்று பேரும் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டால்? அந்த வீடு அந்த இடத்திலேயே முடிந்தது. எல்லோரும் விருந்தாளிகள். வருவோம், போவோம்.

ஆகவே நான் ஒரு தந்திரம் செய்தேன். வேண்டுமென்றே புட்டுக்கு உப்புப் போடவில்லை. எந்த நாக்குக்கும் தப்பாத குறை. எவ்வளவு இரக்கமுள்ள ஆளும் அதைச் சொல்லாமல் இருக்க ஏலாது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அவணைத் திறந்தேன். என் மூக்குக்கண்ணாடி மங்கியது. கழற்றி வாயில் கவ்விக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கண்ணாடியைக் கவ்வியபடியே ஹலோ சொல்லப் பார்த்ததில், அது தாச்சிக்குள் விழுந்தது.

மேசையில் முதல் வாய் புட்டை வைத்தேன். உப்புச் சரியாக இருந்தது. மிகச் சரியாக. மனைவி காதுக்குள் சொன்னாள்:

"புட்டுக்கு உப்புப் போட மறந்துபோனியள். நல்ல காலம், நான் பாத்துப் போட்டிட்டன்."

அதற்குப் பிறகு நான் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. கோப்பைகள் வெறுமையாகின. நான் ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். அது வழுக்கிக் கீழே விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"சரி," என்றேன். "இப்ப... சொல்லுங்கோ."

பெறாமகள் தாயைப்போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டாள்.

"சித்தப்பா, கோழி காய்ஞ்சு கட்டையாப் போச்சு. விழுங்க ஏலாமல் மூண்டு கிளாஸ் தண்ணி குடிச்சனான்."

எனக்கு எழுந்து அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கொஞ்சம் அடிக்கவும் வேண்டும்போல இருந்தது. காலை ஐந்து மணிக்கு எழும்பியவன் நான்.

"வறை கருகிப்போச்சு," என்றாள் மனைவி. "கருகினதை ஒளிக்கத் தேங்காய்ப்பூவை அள்ளிக் கொட்டியிருக்கிறியள். ஒளியேல்லை."

இனி அண்ணை. மச்சாள் செய்ததுபோலவே நான் செய்து, அவர் கோப்பையின் ஓரத்தில் மிஞ்சியிருந்த சிவப்புச் சம்பலைக் கரண்டியால் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சம்பல் எனக்குப் பிடிக்கேல்லை," என்றார்.

"அது சரிவராது அத்தான்," என்றாள் என் மனைவி. "அதை இவர் எப்பவோ சொல்லிப்போட்டார். ஒராள் சொன்னதை மற்றாள் சொல்லக்கூடாது."

"தெரியும். இவர் சொல்லுறதுக்கு எவ்வளவோ முந்தியே எனக்குப் பிடிக்கேல்லை. முதன்முதல் செய்த நாளிலையிருந்து. சொல்லாமல் வைச்சிருந்தனான். இவர் வந்து அந்தக் குறையை எடுத்துப்போட்டார்." என்னைப் பார்த்தார். அதே பழைய கோபம். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் விளங்கியது.

"அப்ப ஏன் அப்பா அம்மாவிட்டைச் சொல்லேல்லை?" என்றாள் மகள்.

"இவர் சொன்னால் அவ பகிடி பண்ணுவா. நான் சொல்லியிருந்தால் அதுக்குப் பிறகு செய்யமாட்டா." கரண்டியைக் கீழே வைத்தார். "அவவுக்கு அதில நல்ல விருப்பம்."

பாயாசம் குடித்தோம். அதிலும் குறை இருந்தது. சவ்வரிசி கரைந்துபோயிருந்தது. அது கணக்கில் வராது என்பதால் சும்மா, வாய்க்குச் சொல்லிக்கொண்டார்கள்.

புறப்படும் நேரம் நான் அலுமாரியில் கையை விட்டு, வெடித்த மூடியும் நெளிந்த பக்கமுமாக இருந்த அந்த மாஜரீன் பெட்டியை எடுத்தேன். அண்ணைக்கென்று கோழியை அள்ளப் போனேன். அவர் கையை மறித்தார். சம்பல் சட்டியைக் காட்டினார்.

"பிடிக்காதெண்டனீங்கள் அண்ணை?"

"ஓம், பிடிக்காது," என்றார். "நிறைய வையும்."